கன்னச் சொடக்கு

தாஃபெனி
14 பிப்ரவரி 1998

நோவேத்துவுக்கு,

நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. சோப்பு நான்கும் முழுசாக வந்தன, பிஸ்கட் மட்டும் தூளாக வந்தது. அப்பா அதை ஸ்பூனால் அள்ளித் தின்றுவிட்டு, "கேப் டவுன்ல மாவு நல்லாத்தான் இருக்கு" என்றார். சுரங்கத்திலிருந்து என் தம்பி இந்த மாதமும் கடிதம் போடவில்லை. உனக்குப் போட்டிருந்தால் உன் புருஷன் சுகமாக இருக்கிறானா என்று ஒரு வரி எழுது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. உன் மகள் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

இன்றோடு பன்னிரண்டு நாள். பாலர் வகுப்பில் ஒரு குழந்தையின் கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டிருக்கிறாள். டீச்சர் மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறாள். 'உக்ஸோலோ' என்று கடைவாயில் சொடுக்கிச் சொல்ல வேண்டியதுதானே? சினாஸோவுக்கு நம் பாஷையின் அந்தக் கன்னச் சொடக்கு, அந்த 'க்ஸ', வரவில்லை. அந்த இடத்தில் 'ட' போட்டு 'உட்டோலோ' என்றிருக்கிறாள். 'உட்டோலோ' என்றால் அம்பு அல்லவா? மன்னிப்புக் கேட்கச் சொன்னால் அம்பு என்கிறாள். டீச்சர் மூன்று தடவை சொல்லச் சொன்னாளாம். மூன்று தடவையும் அம்புதான். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது என்று என் மகள் பும்லா வந்து சொன்னாள். இப்போது எல்லோரும் அவளை "ஏய் அம்பு" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அன்றிலிருந்து வாயைத் திறப்பதில்லை. தண்ணீர் வேண்டுமானால் வாளியைக் காட்டுகிறாள். பசித்தால் சட்டியைக் காட்டுகிறாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறாள், அவ்வளவுதான்.

டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "நாக்குக்கு அடியில நரம்பு கட்டியிருக்கும் அக்கா. வெட்டிவிட்டாச் சரியாப்போயிடும்" என்றாள். நம் கிளினிக்குக்கு மாதக் கடைசி வியாழன் டாக்டர் வருகிறார். இந்த மாதம் ஆள் நிறைந்துவிட்டது. மார்ச் 26-க்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஒரு நிமிஷ வேலையாம். உன்னிடம் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை, தகவல் சொல்கிறேன். ஒரு வருஷமாகத் தாய் ஒரு ஊரில், பிள்ளை ஒரு ஊரில். அது யார் வாயைப் பார்த்துப் பேசப் பழகும்?

வுயெல்வா

*

கேப் டவுன்
24 பிப்ரவரி 1998

மதினிக்கு,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டே பிரித்தேன். உட்காரச் சொன்ன வரி வந்தபோது பக்கத்தில் உட்கார இடம் இல்லை.

என்னைக் கேட்காமல் என் பிள்ளை வாயில் யாரும் கத்தி வைக்கக் கூடாது. இந்த வரியை அடித்துவிட்டு மரியாதையாக எழுதலாம் என்று பார்த்தேன். மனசு வரவில்லை, அப்படியே இருக்கட்டும்.

கோபித்துக்கொள்ளாமல் மீதியையும் படியுங்கள். நான் துப்புரவு செய்யும் மாடியில் திருமதி ஃபோர்ட்டுயின் என்று ஒருவர் இருக்கிறார். பேச்சு சரியாக வராத குழந்தைகளுக்குப் பயிற்சி தருவதுதான் அவர் வேலை. நம் பாஷையும் நன்றாகப் பேசுவார். அவர் அறையைத் துடைக்கிற சாக்கில் நேற்றுக் கேட்டேன்.

"வயசு என்ன?"

"வர்ற ஜூன்ல ஆறு."

"சின்னதுங்க அப்படித்தான் பேசும். கஷ்டமான எழுத்து வந்தா கைக்கு எட்டின எழுத்த எடுத்துப் போட்டுக்கும். சொடக்கு வர்ற இடத்துல 'ட' போடும், 'க' போடும். 'ர' வர்ற இடத்துல 'ல' போடும். இன்னும் சின்னதா இருந்தா பாதி வார்த்தைய முழுங்கிடும். நாக்கு பழகப் பழக அந்தத் தப்பெல்லாம் ஒவ்வொண்ணா உதிர்ந்துபோயிடும். ஆறு, ஏழு வயசு வரைக்கும்கூட ஆகலாம். இதுக்குப் போயி எதுக்கு வெட்டணும்?"

நரம்பு கட்டியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் சொன்னார். அவள் மேலுதட்டில் கொஞ்சம் கண்டென்ஸ்டு மில்க் தடவிவிட்டு நக்கச் சொல்லுங்கள். நாக்கு மேலே எட்டுகிறதா, நீட்டும்போது நுனி நடுவில் இழுபட்டுப் பிளந்த மாதிரி தெரிகிறதா என்று பாருங்கள். நாக்கு எட்டினால் நரம்பின் மேல் பழி போட வேண்டாம்.

இன்னொன்றும் கேட்டார். ஒரு வாரம் சினாஸோ பேசுவதைக் கேட்டு, சொடக்கு வருகிற வார்த்தைகளில் எதைச் சரியாகச் சொல்கிறாள், எதைத் தப்பாகச் சொல்கிறாள் என்று எழுதி அனுப்ப வேண்டுமாம். "அவ பேசவே மாட்டேங்கிறாளே" என்றேன். "மனுஷங்ககிட்டப் பேசமாட்டா. யாரும் பாக்கலைன்னு நினைச்சா கோழிகிட்டயாவது பேசுவா" என்றார்.

ஒரு வருஷமாக நான் பக்கத்தில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கும் தெரியும், மதினி. ஒவ்வொரு நாளும் தெரியும்.

நோவேத்து

*

தாஃபெனி
8 மார்ச் 1998

நோவேத்துவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் போடக் கூடாது என்றுதான் இருந்தேன். ராத்திரி ஜுரத்தில் அவள் அனத்தினால் எழுந்து துணி நனைத்துப் போடுவது நான். பேன் பார்ப்பது நான். நீ அங்கே தரை துடைத்துக்கொண்டே டாக்டராகிவிட்டாய். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, தெரிந்துகொள்.

மில்க் தடவினேன். மேலுதடு என்ன, மூக்கு நுனி வரைக்கும் நக்கிவிட்டு இன்னும் கேட்டு உதட்டைக் காட்டினாள். நாக்கு நன்றாக நீளம். அது உன் பக்கத்துச் சொத்து.

அப்புறம் ஒன்று நடந்தது. எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. செவ்வாய்க்கிழமை கழுதை மேல் தண்ணீர்க் கேனை ஏற்றி அவளிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு, நான் மாட்டுப்பட்டிக்குப் பின்னால் சாணி வாரிக்கொண்டிருந்தேன். கழுதை நடுவழியில் நின்றுவிட்டது. இவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாருமில்லை என்று நினைத்துக் கன்னத்துக்குள் நாக்கை ஒட்டிச் சொடுக்கினாள் பார், 'டக் டக்' என்று. கழுதை காதை நிமிர்த்திக்கொண்டு நடந்தது. நாற்பது வருஷமாகக் கழுதை ஓட்டுகிற நானே அப்படிச் சொடுக்கியதில்லை. அது மட்டுமா? "நட, நேரமாச்சு, அத்தை திட்டும்" என்று அதனிடம் வாயாடிக்கொண்டே போகிறாள். நேரம் என்பதற்கு 'இக்ஸேஷா' என்று சொன்னாளே, அதில் சொடக்கு மணி மணியாக விழுந்தது.

உன் ஃபோர்ட்டுயின் அம்மா கோழி என்றார். இங்கே கழுதை. மற்றபடி அவர் சொன்னது சரிதான்.

அதனால் நான்கு நாள் நான் பென்சிலும் கையுமாகப் பட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்துவிட்டு வயிற்றுப்போக்குக்கு வேர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கி வைத்திருக்கிறேன். எழுதிக்கொள்:

நேரம் என்பதைச் சரியாகச் சொல்கிறாள். காயம், சரி. கிழவர், சரி. பொழுது விடிந்தால் சொல்கிற 'எப்போது', 'சொல்லு' எல்லாம் சரி.

மன்னிப்பு வரவில்லை, அதே அம்புதான். தவளை வரவில்லை. 'இக்ஸோக்ஸோ' என்று சொல்ல வேண்டியதை 'இட்டோட்டோ' என்று கழுதையிடம் காட்டினாள். பொய் சொல்லாதே என்று கழுதையை மிரட்டினாள், அதிலும் 'ட'. கதை பேசுவது என்பதும் அப்படியே.

ஒரே சொடக்குதான். ஒரு வார்த்தையில் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை. வேண்டுமென்று செய்கிற பிடிவாதம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் வீட்டுக்குள் வந்தால் மறுபடியும் ஊமை. பிடிவாதமோ நரம்போ, டாக்டரே பார்த்துச் சொல்லட்டும். 26-ஆம் தேதியில் மாற்றமில்லை.

வுயெல்வா

*

கேப் டவுன்
19 மார்ச் 1998

மதினிக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. நாளை கிளம்புகிற பஸ்ஸின் டிரைவர் கையில் கொடுக்கிறேன். 26-க்குள் கிடைத்துவிட வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். முதலில் இதைப் படியுங்கள்: அவள் நாக்கில் ஒன்றுமில்லை. கிளினிக்குக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. பட்டியலைத் திருமதி ஃபோர்ட்டுயினிடம் கொண்டுபோனேன். அவர் கையில் வேறு காகிதங்கள் இருந்தன. "படி, கேக்கிறேன்" என்றார். சரியாகச் சொல்கிற வார்த்தைகளை எல்லாம் படித்தேன். தப்பாகச் சொல்கிற வார்த்தைகளுக்கு வந்தபோது முதல் வார்த்தையிலேயே என் வாய் நின்றுவிட்டது. அதை விட்டு அடுத்ததற்குப் போனேன். அதையும் சொல்ல முடியாது. நான்கையும் சொல்ல முடியாது.

"ஏன் நிறுத்திட்டே?"

"சொல்லக் கூடாதும்மா. எங்க மாமனார் பேரு அதுல இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே காதில் விழுந்தது.

அவருக்கும் விழுந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு அப்படிச் சிரித்தார். "அப்போ உம் பொண்ணுக்கு நரம்பு கட்டலை. தாத்தா பேரு கட்டியிருக்கு" என்றார். நானும் சிரித்தேன். அப்புறம் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கிவிட்டது.

இன்னும் உங்களுக்குப் பிடிபடவில்லை என்றால் மாமாவின் பெயரை ஒரு தரம் உங்கள் வாயால் சொல்லிப் பாருங்கள். நீங்கள் அவர் பெற்ற மகள், சொல்லலாம். நடுவில் சொடக்கோடு வருகிற அந்த ஓர் அசை இருக்கிறதே, அதுதான். மருமகள் வாயில் அது எந்த வார்த்தைக்குள் ஒளிந்து வந்தாலும் வரக் கூடாது. கன்னச் சொடக்கை எடுத்துவிட்டு 'ட' போட்டுக்கொண்டது நான். தவளைக்கும், பொய்க்கும், கதை பேசுவதற்கும், டீச்சர் கேட்கச் சொன்ன அதற்கும். சினாஸோ பேசப் படித்தது என் வாயைப் பார்த்துத்தான். நான் சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்கிறாள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தன்று சமையல் கொட்டகைக்குப் பின்னால் நீங்கள் ஒருத்தியிடம், "டவுன் பொண்ணு. பாரு, ரெண்டே மாசத்துல எங்கப்பா பேரைத் தெருவுல நின்னு கூவும்" என்று சொன்னீர்கள். நான் கொட்டகைக்குள் இருந்தேன். அன்றைக்கு முடிவு செய்தேன். ஏழு வருஷத்தில் ஒரு நாள் தவறவில்லை. ஆற்றங்கரையில் தனியாகத் துணி துவைக்கும்போதும் சொன்னதில்லை. மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு விளையாட்டுக் காட்டும்போதும் சொன்னதில்லை. நீங்கள் தப்பு என்று நிரூபிக்க வேண்டும் என்று என் பிள்ளையைப் பார்த்து வகுப்பே சிரிக்கும்படி செய்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் ஆறவில்லை.

கழுதையோடு பேசுகிறாள் என்று எழுதினீர்களே, அந்த இடத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. பட்டிக்குப் பின்னால் குந்தியிருந்ததற்கு உங்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

விடிகாலையில் போய் டிரைவரைப் பிடிக்க வேண்டும். கிளினிக்கில் அவள் பெயரை அடித்துவிடுங்கள், மதினி.

நோவேத்து

*

தாஃபெனி
27 மார்ச் 1998

நோவேத்துவுக்கு,

பஸ் வழியில் இரண்டு நாள் படுத்துவிட்டது. உன் கடிதம் 25-ஆம் தேதி சாயங்காலம் வந்தது. மறுநாள் போட்டுக்கொள்ள அவள் சட்டையை அப்போதுதான் துவைத்துக் காயப்போட்டிருந்தேன். சோளக்கொல்லையிலேயே நின்று படித்தேன். படித்து முடித்ததும் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

ம்க்ஸோலேலி. எங்கள் அப்பா பெயர். அதில் இருப்பது 'க்ஸோ', 'இக்ஸேஷா'வில் இருப்பது 'க்ஸே'. ஐம்பது வருஷமாக எனக்குத் தெரிந்த பெயர். இந்த மரமண்டைக்கு அது உறைக்கவில்லை. உன் வாயில் அந்தச் சத்தம் ஏழு வருஷமாக வந்ததே இல்லை. வராத ஒன்றைக் காது எப்படிக் கவனிக்கும்? நானும் ஒரு வீட்டில் மருமகளாக இருந்தவள்தான். என் புருஷன் போய்ச் சேர்ந்து, நான் இங்கே திரும்பி வந்த பிறகும் என் மாமனார் பெயர் இன்றைக்கும் நாக்கில் ஏறாது. எனக்கே இப்படிப் புத்தி போனது.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு இடது காது கேட்காது, தெரியுமே. வலது காதில் இரண்டு முறை கத்திச் சொன்னேன். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். "எனக்கு இந்த வீட்ல ரெண்டு மருமகளா? ஒருத்திக்குத்தானே பரிசமா மாடு குடுத்தேன்" என்றார்.

அப்புறம் நான் சினாஸோவை மடியில் இழுத்துப்போட்டுக் கேட்டேன். "ஏன்டி, நான் ஒரு வருஷமா உங்கிட்ட தவளையை இக்ஸோக்ஸோன்னுதானே சொல்றேன். நீ ஏன் அப்படிச் சொல்ல மாட்டேங்கிற?"

ஐம்பது நாளைக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் வாயைத் திறந்து சொன்னாள்: "அம்மா அப்படித்தான் சொல்லும்."

நோவேத்து, நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. என் வார்த்தை, பும்லா வார்த்தை, டீச்சர் வார்த்தை எல்லாம் அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தன. அவள் உன்னுடையதை விடவில்லை. யார் வாயைப் பார்த்துப் பேசப் பழகும் என்று நான் உன்னைக் கேட்டேனே, என் நாக்கைத்தான் முதலில் வெட்ட வேண்டும்.

அப்பா அவளை அருகே கூப்பிட்டார். "உங்கம்மா இந்த வீட்டுக்கு வந்தவ. அவ எம் பேரைச் சொல்லாம இருக்கிறது அவ மரியாதை. நீ இங்கயே பொறந்தவ. நீ மருமக இல்ல, இந்த வீட்டுப் பொண்ணு. வாய் நிறையச் சொல்லு." அவள் மெதுவாக, "ம்ட்டோலேலி" என்றாள். அவர் வேண்டுமென்றே இடது காதைக் காட்டி, "யாரு? அப்படி யாரும் இங்க இல்லையே" என்றார். நான்கு தரம் அப்படி. ஐந்தாம் தரம் இவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கழுதைக்குச் சொடுக்குகிற அதே சொடக்கைப் போட்டு அவர் முழுப் பெயரையும் சொல்லிக் கத்தினாள். மாட்டுப்பட்டி வரைக்கும் கேட்டது. சொன்ன பிறகு பயந்துபோய் என் பாவாடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

26-ஆம் தேதி நான் மட்டும் கிளினிக்குக்குப் போனேன். சொல்லாமல் நின்றுவிட்டால் நர்ஸ் அடுத்த முறை சீட்டுத் தரமாட்டாள். "பொண்ணு எங்கே? நாக்குல என்ன கோளாறு?" என்று கேட்டாள். "கோளாறு ஒண்ணுமில்ல. மரியாதை ஜாஸ்தி" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பெயரை அடித்தாள்.

டீச்சரையும் பார்த்தேன். அவளும் மருமகள்தானே. புருஷன் வீட்டில் மாமனார் பெயருக்காகத் தண்ணீருக்கு வேறு பெயர் சொல்கிறவள். நான் பாதி சொல்லும்போதே வாயில் கை வைத்துக்கொண்டாள். இன்று வகுப்பில் எல்லோரிடமும் அவளே எடுத்துச் சொன்னாளாம். இனி யாராவது அம்பு என்று கூப்பிட்டால் அவர்கள் அம்மாவை வரச்சொல்வேன் என்றாளாம்.

கல்யாணத்தன்று நான் சொன்னதை நீ கேட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் மெதுவாகச் சொல்லியிருப்பேன். இல்லை, விளையாட்டு வேண்டாம். தப்பாகச் சொன்னேன். தரை துடைக்கிறாய் என்று எழுதியதும் தப்பு. உன்னால் எழுத முடியாத வார்த்தை, என்னால் முடியும், ஆனாலும் இதுவரை உனக்கு எழுதியதில்லை. உக்ஸோலோ, நோவேத்து.

அந்த வார்த்தைகளை மருமகளுக்கும் விட்டுத்தருகிறேன், குழந்தைக்காகச் சொல்லிக்கொள்ளட்டும் என்று அப்பா உன்னிடம் சொல்லச் சொன்னார்.

வுயெல்வா

*

கேப் டவுன்
14 ஏப்ரல் 1998

மதினிக்கு,

உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையைக் கண்ணால் மட்டும் படித்தேன். நானும் உங்களிடம் கடுமையாக எழுதினேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் விட்டுத்தந்தது பெரிய மனசு. ஆனால் எனக்கு வேண்டாம். துணி துவைக்கும் அறையில் ஆளில்லாதபோது ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். சொடக்கு வரவே இல்லை, நாக்கு 'ட'வில் போய் நிற்கிறது. திருமதி ஃபோர்ட்டுயின், "உனக்குத்தான் என் கிளாஸ் தேவைப்படுது" என்று கேலி செய்கிறார். இப்படியே இருந்துவிட்டுப் போகிறேன். முதலில் உங்களிடம் ரோஷப்பட்டுச் செய்தேன். இப்போது அது என் பழக்கமாகிவிட்டது, பிடித்தும் இருக்கிறது.

ஈஸ்டர் ஞாயிறன்று நீங்கள் அவளைக் கடைப் போனுக்குக் கூட்டிவந்தீர்களே, என்ன பேசினாள் என்று நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். வெளியே அந்தக் கடைக்காரியோடு கதை பேசிக்கொண்டிருந்தீர்கள், எனக்கு இங்கே கேட்டது. என் பின்னால் போனுக்கு ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். கையில் இருந்த காசு முழுவதையும் போட்டேன். ஒரு வார்த்தை பேச விடவில்லை என்னை. பல் ஆடுகிறதாம். பும்லா உதைத்தாளாம், அப்புறம் இவள் உதைத்தாளாம், இவள்தான் முதலில் மன்னிப்புக் கேட்டாளாம். கேட்ட வார்த்தையை எனக்கும் ஒரு தரம் சொல்லிக் காட்டினாள், சொடக்கோடு. பிறகு, "அம்மா, கடையில புது லேடியோ இருக்கு. லேடியோவுல ஒரு மாமா பாடுறாரு" என்றாள். அதற்குள் காசு தீர்ந்துவிட்டது. வரிசையில் இருந்த ஒரு கிழவி, "நல்ல சேதியா மகளே, அழுவுறியே?" என்று கேட்டாள். நல்ல சேதிதான் என்றேன்.

இந்த 'ல' என்னிடமிருந்து வந்தது இல்லை. நான் ரேடியோ என்றுதான் சொல்வேன். இது அவளே அவள் வயசுக்குச் செய்கிற தப்பு. அடுத்த வருஷத்துக்குள் தானாகப் போய்விடும் என்கிறார் திருமதி ஃபோர்ட்டுயின்.

ஜூன் கடைசியில் எனக்கு மூன்று வாரம் லீவு கிடைத்திருக்கிறது. டிக்கெட் எடுத்துவிட்டேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அவளுக்கு அளவு சிறிதாகிப்போன சட்டை எது, புதிதாகப் பிடித்த பாட்டு எது, எந்தப் பல் ஆடுகிறது என்று எல்லாமே நான் காகிதத்தில்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். பும்லாவும் நீங்களும் டீச்சரும் சேர்ந்து அந்த லேடியோவைத் திருத்திவிடாதீர்கள். நான் வருகிற வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும், மதினி. ஒரு தரமாவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

நோவேத்து